கட்டிய என்ஜின் கோளாறு கொடுக்கிறதா? லேத் வேலையின் பிழையை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ஒரு என்ஜினை முழுதாகக் கட்டும்போது மூன்று பேரின் கை அதில் படுகிறது. போர் (சிலிண்டர் துளை) அடித்து, கிராங் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) கிரைண்ட் பண்ணி, ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) ஃபேஸ் பண்ணி, அதாவது முகத்தை வெட்டிச் சமப்படுத்திக் கொடுக்கிற லேத்காரர் ஒருவர். பிஸ்டன் ரிங், ஷெல் (கிராங் சுழலும் பெயாரிங் ஓடு), கேஸ்கட் விற்ற பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்காரர் இன்னொருவர். எல்லாவற்றையும் பூட்டிய கராஜ் பாஸ் (மெக்கானிக்) மூன்றாமவர். கோளாறு வந்தால் லேத்காரர் "சாமான் டுப்ளிகேட்" என்பார், கடைக்காரர் "பூட்டினது பிழை" என்பார், பாஸ் "லேத்தில் அளவு பிழை" என்பார். மூன்றும் நடக்கக்கூடியவைதான். எது நடந்தது என்பதை அளந்துதான் சொல்ல முடியும், அதுவும் தடயம் அழியுமுன் அளக்க வேண்டும்.

ஆகவே சத்தமோ புகையோ வந்தவுடன் என்ஜினை மேலும் ஓட்டிப் பார்க்காதீர்கள். கழற்ற நேர்ந்தால் ஷெல்களை எந்த இலக்கம், மேலா கீழா என்று எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள். துடைக்குமுன் படம் எடுங்கள். தேவையான கருவிகள்: மைக்ரோமீற்றர், டயல் போர் கேஜ், ஃபீலர் கேஜ், நேர்விளிம்புக் கம்பி, பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தில் பெயாரிங் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை), முள்ளுள்ள ஒயில் பிரஷர் கேஜ். கீழே எண் சொல்லும் இடங்களில் என்ஜின் பெயர் சொல்லாவிட்டால் அது பொதுவான அளவு என்று கொள்ளுங்கள். உங்கள் என்ஜினின் மனுவல் வேறு சொன்னால் மனுவல்தான் சரி.

பூட்டும்போதே கிராங் இறுகுகிறது

அதிர்ஷ்டமான கோளாறு இது. இன்னும் எதுவும் தேயவில்லை, யாரும் எதையும் மறுக்க வழியில்லை.

பின் சீல் போடாமல், கனெக்டிங் ரொட் போடாமல், ஒயில் தடவிய மெயின் ஷெல்களில் (பிளொக்கில் கிராங்கைத் தாங்குபவை) கிராங்கை மட்டும் வைத்து, ஒவ்வொரு கேப்பாக (பெயாரிங் மூடி) இறுக்குங்கள். ஒன்றை இறுக்கியதும் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் பிடிக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். முதலில் பூட்டியவரின் பிழைகளை நீக்குங்கள்: கேப் இலக்கம் மாறியிருக்கிறதா, அம்பு முன்பக்கம் பார்க்கிறதா, ஷெல்லுக்குப் பின்னால் தூசியோ பர்ரோ (உலோகப் பிசிறு) இருக்கிறதா. பிறகு ஷெல்லின் முதுகைப் பாருங்கள். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் முதுகில் அடித்திருக்கும் 025, 050 என்ற எண்ணே உண்மை. மில்லிமீற்றரில் 025 என்பதும் தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) கணக்கில் 010 என்பதும் ஏறக்குறைய ஒரே சைஸ். 1 தௌ 0.0254 மிமீ.

அதுவும் சரியென்றால் ஜேர்னலை (கிராங்கில் ஷெல்லுக்குள் சுழலும் உருளைப் பகுதி) அளக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் 55.00 மிமீ என்றால் 0.50 அண்டர்சைஸுக்கு (அரைத்துக் குறைத்த அளவு) அது ஏறக்குறைய 54.50 வர வேண்டும். ஒவ்வொரு ஜேர்னலிலும் அகலத்தில் இரண்டு இடம், ஒவ்வொரு இடத்திலும் 90 பாகை தள்ளி இரண்டு தடவை, மொத்தம் நான்கு எண். ஒரே ஜேர்னலின் எண்களுக்குள் 0.02 மிமீக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது கிரைண்டிங் பிழை, பேச்சுக்கு இடமில்லை. நாலு சிலிண்டர் என்ஜினில் ஐந்து மெயின், நாலு பின் (கனெக்டிங் ரொட் பூட்டும் ஜேர்னல்). ஆக 36 எண். சலிப்பான வேலைதான், ஆனால் லேத்காரர் முன்னால் வைக்கக்கூடிய ஒரே காகிதம் இதுதான்.

ஜேர்னல் எல்லாம் சரியான அளவில் இருந்தும் நடு மெயினில் மட்டும் பிடித்தால் கிராங் வளைந்திருக்கும், அல்லது பிளொக்கின் மெயின் வரிசை நேர் தவறியிருக்கும். 1ஆம் 5ஆம் ஜேர்னல்களை வி-பிளொக்கில் வைத்து 3ஆவதில் டயல் கேஜ் வையுங்கள். பெரும்பாலான சிறிய என்ஜின்களுக்கு 0.03 முதல் 0.06 மிமீ வரைதான் அனுமதி. கிராங் நேராக இருந்தால் லைன் போர் (பிளொக்கின் மெயின் துளை வரிசை) பக்கம் பார்க்க வேண்டும்.

பலர் தவறவிடுவது ஜேர்னலின் ஓர வளைவு. கிரைண்டிங் கல்லின் மூலையைச் சரியாகத் தீட்டாமல் அரைத்தால் இரண்டு விதமாகக் கெடும். வளைவு பெரிதாகிவிட்டால் ஷெல்லின் விளிம்பு அதில் ஏறி நிற்கும். கிராங் இறுகும், கழற்றினால் ஷெல் ஓரத்தில் மட்டும் பளபளப்பான கோடு தெரியும். வளைவே இல்லாமல் கூர் மூலையாக விட்டால் கிராங் இலேசாகச் சுற்றும், எந்த அளவிலும் பிழை காட்டாது, ஆனால் லோட் போட்டு ஓடும்போது ஒரு நாள் அந்த மூலையிலிருந்து வெடித்து இரண்டாகும். கிராங்கை வாங்கும்போதே விரல் நகத்தை மூலையில் ஓட்டிப் பாருங்கள். ஒயில் துளையின் வாய் கூராக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். கூராக இருந்தால் அது ஷெல்லைச் செதுக்கும்.

எண்ட் பிளே (கிராங் முன்பின் அசையும் இடைவெளி) இல்லாமல் இறுகினால் த்ரஸ்ட் வாஷர்தான். அதன் ஒயில் பள்ளம் கிராங் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டது பூட்டியவரின் பிழை. பள்ளம் சரியாக இருந்தும் இடைவெளி இல்லையென்றால் த்ரஸ்ட் முகத்தை லேத்தில் எப்படி விட்டார்கள் என்று கேட்க வேண்டும். ஒப்பீட்டுக்கு, பல என்ஜின்களில் 0.04 முதல் 0.25 மிமீ வரை எண்ட் பிளே இருக்கும்.

பிளாஸ்டிகேஜ் வைப்பவர்களுக்கு ஒரு சொல்: ஷெல்லும் ஜேர்னலும் ஒயிலில்லாமல் காய்ந்திருக்க வேண்டும், இறுக்கிய பின் கிராங்கை அசைக்கக் கூடாது. அசைந்தால் வரும் அகலத்துக்குப் பொருளில்லை.

ஒயில் பிரஷர் குறைவு

டாஷ்போர்ட் லைட்டை நம்பாதீர்கள். சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் முள் கேஜ் பூட்டி, என்ஜின் நன்றாகச் சூடேறிய பின் பாருங்கள். டொல்பின் வானில் வரும் டொயோட்டா 2எல், 3எல் டீசலுக்கு ஐட்லிங்கில் குறைந்தது 0.3 கிலோ, 3,000 ஆர்பிஎம்மில் 2.5 முதல் 6 கிலோ வரை வர வேண்டும் (சதுர சென்ரிமீற்றருக்கு).

பிரஷர் எப்போது குறைகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. குளிரில் நன்றாக இருந்து சூட்டில் விழுந்தால் இடைவெளி அதிகம்: ஜேர்னல் அளவுக்கு மேல் அரைபட்டிருக்கிறது, அல்லது ஷெல் சைஸ் பொருந்தவில்லை. முதல் ஸ்டார்ட்டிலிருந்தே குளிரிலும் இல்லையென்றால் பெயாரிங்கைச் சந்தேகிக்குமுன் ஒயில் பம்பின் உறிஞ்சு குழாய் ஓ-ரிங், ரிலீஃப் வால்வில் சிக்கிய துருவல், கெலரியின் (பிளொக்குக்குள் ஒயில் ஓடும் பாதை) அடைப்புத் தக்கை ஆகியவற்றைப் பாருங்கள். பிளொக்கைக் கழுவுவதற்காக லேத்தில் கெலரி தக்கைகளைக் கழற்றுவார்கள், ஒன்றைத் திரும்பப் போட மறப்பது அபூர்வமல்ல. டைமிங் கவருக்குப் பின்னால் இருக்கும் தக்கையே அதிகம் மறக்கப்படுவது. முதலில் சரியாக இருந்து சில நூறு கிலோமீற்றருக்குள் மெதுவாக விழுந்தால் ஷெல்லை மணல் தின்கிறது.

என்ஜினைக் கழற்றாமல் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. சம்பை (அடியிலுள்ள ஒயில் தொட்டி) மட்டும் கழற்றி, சுவிட்ச் துளை வழியாகப் பிரஷர் டாங்கியிலிருந்து ஒயிலை ஏற்றுங்கள். எல்லாப் பெயாரிங்கிலும் சொட்டுச் சொட்டாக விழுவது சரி. ஒன்றில் மட்டும் தாரையாகக் கொட்டினால் அந்த ஜேர்னலில் கோளாறு. எங்கிருந்தோ பீய்ச்சி அடித்தால் தக்கை இல்லை. கிராங்கைச் சற்றுத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், துளை நேர்படும் நிலையில் ஒழுக்கு கூடிக் காட்டும்.

ஷெல்லில் மணல் பதிந்திருந்தால் யார் பொறுப்பு என்பதில் சண்டை வரும். கிராங் அரைத்த தூள் அதன் ஒயில் துளைக்குள்ளேயே இருந்திருக்கலாம், ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் தேய்த்து முடிப்பது) கல்லின் தூள் சிலிண்டரிலிருந்து வந்திருக்கலாம். லேத்தில் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்பது நியாயம். ஆனாலும் பூட்டுமுன் கடைசியாகக் கழுவ வேண்டியவர் பாஸ்தான், எனவே இதில் லேத்காரரை மட்டும் பிடித்து வெல்வது கடினம். கழுவுவதிலும் பொதுவான தவறு ஒன்று நடக்கிறது. ஹோனிங் தூளை மண்ணெண்ணெயோ பெற்றோலோ எடுக்காது, அவை அதை உலோகத்தின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறக்கிவிடும். வெந்நீர், சோப்பு, பிரஷ். பிறகு ஒயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முடிந்ததும் உடனே ஒயில் பூசுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் கழுவிய பிளொக் சற்று நேரத்திலேயே துருப்பிடிக்கும்.

நீலப் புகை, ஒயில் குடிக்கிறது

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு மேகம் வந்து மறைந்தால், அல்லது ட்ரஃபிக்கில் நின்று கிளம்பும்போது வந்தால், வால்வ் கைட்டும் (வால்வின் தண்டு ஓடும் குழல்) சீலும். ஏற்றத்தில் லோட் போட்டால் விடாமல் வந்து, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்றடித்தால் ரிங் பக்கம்.

ரிங் பக்கம் என்றால் போரை அளக்க வேண்டும்: மேல், நடு, கீழ் மூன்று உயரத்தில், நீளத்துக்கும் குறுக்குக்கும் இரண்டு திசையில். ஒரு சிலிண்டருக்கு 6 எண். புதிதாக அடித்த போரில் இவற்றுக்குள் 0.02 மிமீக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கீழே ஒடுங்கியிருந்தால் ஹோன் அடிவரை போகவில்லை. மேல் வாய் விரிந்திருந்தால் ஹோனை அளவுக்கு மேல் வெளியே இழுத்திருக்கிறார்கள். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரிப் பெரிதாக இருந்தால் பிஸ்டனை அளக்காமல், பெட்டியில் போட்டிருந்த ஓவர்சைஸை (கூட்டிய அளவு) நம்பிப் போர் அடித்திருக்கிறார்கள். பிஸ்டனைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் "0.50 அடியுங்கள்" என்று போனில் சொன்னவர் இந்தப் பிழையில் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கான சிலிண்டரை அடித்து, இலக்கம் போட்டுத் தருவதுதான் முறை.

அளக்கும் இடத்தின் சூட்டையும் கவனியுங்கள். 92 மிமீ அலுமினியப் பிஸ்டன் 10 பாகை கூடினால் ஏறக்குறைய 0.02 மிமீ விரியும், வார்ப்பிரும்புப் போர் அதில் பாதியளவுதான் விரியும். வெயிலில் நின்ற வானிலிருந்து இறக்கிய பிஸ்டனை நிழலில் கிடந்த பிளொக்குடன் ஒப்பிட்டால் நல்ல வேலையும் பிழையாகத் தெரியும். இரண்டையும் ஒரே அறையில் இரவு முழுக்க வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

ரிங் இடைவெளியைத் தலைகீழான பிஸ்டனால் ரிங்கைப் போருக்குள் நேராகத் தள்ளி அளந்து பாருங்கள். பொதுக் கணக்கு, போரின் ஒவ்வொரு 25 மிமீக்கும் ஏறக்குறைய 0.10 மிமீ. 92 மிமீ போரில் அது 0.37 அளவில் வரும். இடைவெளி இதைவிட மிகக் கூடி, போரும் பெரிதாக இருந்தால் லேத். போர் சரியாக இருந்தால் ரிங் செட். ரிங்கின் அடையாள எழுத்து மேல்பக்கம் பார்க்காமல் பூட்டியிருந்தால் பாஸ்.

சுவரில் ஹோனிங் கோடுகள் குறுக்குக் குறுக்காக, ஏறக்குறைய 45 பாகையில் தெரிய வேண்டும். கண்ணாடி போல மழமழவென்று இருந்தால் ஒன்றில் ஹோனிங்கே சரியில்லை, அல்லது ஓட்டியவர் முதல் சில மணித்தியாலம் ஐட்லிங்கிலேயே விட்டிருக்கிறார். புது ரிங் அமர லோட் வேண்டும். "மெதுவாக ஓட்டுங்கள், 1,000 கிலோமீற்றரில் புகை தானாகப் போகும்" என்ற வாக்கு இலேசான புகைக்குச் சரி. போர் 0.05 மிமீ கூடுதலாக இருந்தால் 10,000 ஓடினாலும் போகாது.

மேலிருந்து கீழாக நீளக் கீறல்கள் நாலு சிலிண்டரிலும் இருந்தால் ஹோனிங் தூள். ஒரு பிஸ்டன் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் ரொட் வளைவு, அல்லது சின்ன முனை புஷ்ஷைக் கோணலாகத் துளைத்திருக்கிறார்கள்.

ஹெட் கேஸ்கட் திரும்பவும் போகிறது

முதலில் உண்மையிலேயே கேஸ்கட்டா என்று பாருங்கள். காலி வீதி நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேனும் ரேடியேட்டரும்தான் முதல் சந்தேகம். நெரிசலில் சமாளித்து, கடுகண்ணாவை ஏற்றத்தில் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகி தண்ணீரை வெளியே தள்ளினால் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, விடாமல் குமிழி வருகிறதா பாருங்கள்.

கழற்றிய பின் நேர்விளிம்பை ஹெட்டின் நாலு ஓரத்திலும் இரண்டு மூலைவாட்டிலும் வைத்து ஃபீலர் நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலான நாலு சிலிண்டர் பெற்றோல் ஹெட்டுகளில் 0.05 மிமீ தகடு நுழையக் கூடாது. அதே அளவை பிளொக்கின் முகத்திலும் எடுங்கள். ஹெட்டை மட்டும் ஃபேஸ் பண்ணி, பிளொக்கை யாரும் தொடாமல் விட்டுப் பூட்டிய என்ஜின்கள்தான் மூன்றாம் கேஸ்கட்டும் போட்டுக்கொண்டு வருகின்றன. கட்டரின் வரிகள் நகத்தில் சிக்கினால், பழைய நார்க் கேஸ்கட் அதைப் பொறுத்தாலும் பல அடுக்கு இரும்புக் கேஸ்கட் பொறுக்காது.

லைனர் (போருக்குள் அடிக்கும் குழல்) அடித்த பிளொக்கில் லைனரின் மேல் விளிம்பை விரலால் தடவுங்கள். ஒரு லைனர் முகத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த இடத்தில் கேஸ்கட் அழுந்தாது. இறுக்கம் போதாமல் லைனர் தளர்ந்து, ஓடும்போது மேலும் கீழும் அசைவதும் உண்டு. அடித்த பின் மேலே முகம் வெட்டாமல் விட்டிருந்தால் அது லேத்தின் பிழைதான்.

டீசலில் இன்னொரு பொறி இருக்கிறது. பிளொக் முகம் வெட்டியதும் பிஸ்டன் டிடிசியில் (அதன் உச்ச நிலை) முன்னைவிட மேலே வரும். 2எல், 3எல்லுக்கு பி, டி, எஃப் என்று மூன்று தடிப்பில் கேஸ்கட் உண்டு. பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்று டயல் கேஜில் அளந்து அதற்கேற்றதைப் போட வேண்டும். கழற்றியதில் இருந்த எழுத்தையே கடையில் கேட்டு வாங்கினால் வால்வும் பிஸ்டனும் முட்டலாம். எவ்வளவு வெட்டினேன் என்று சொல்லாத லேத்காரரும், அளக்காமல் பூட்டிய பாஸும் இதில் சமபங்கு.

முகம் வெட்டிய பின் போல்ட் துளையின் அடியில் முட்டி, டோர்க் காட்டியும் ஹெட் அழுந்தாமல் நிற்பதும் நடக்கும். துளைக்குள் ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் இறுக்கும்போது பிளொக்கே வெடிக்கும்.

ஹெட் நேராக இருந்தும், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அடிக்கடி இறுகுகிறது அல்லது உடைகிறது என்றால் இதைப் பாருங்கள். சூடேறி வில்லாக வளைந்த ஓஎச்சி (கேம் ஹெட்டின் மேலேயே ஓடும்) ஹெட்டில் கீழ் முகத்தை மட்டும் வெட்டினால் கீழ்ப்பக்கம் நேராகும், மேலே கேம் ஓடும் வரிசை வளைந்தபடியே இருக்கும். வால்வ் பக்கட்டுகளை எடுத்துவிட்டுக் கேமை மட்டும் பூட்டிக் கையால் சுற்றுங்கள். இலேசாகச் சுற்றாவிட்டால் அந்த ஹெட்டை முதலில் நேராக்கியிருக்க வேண்டும், வெட்டியிருக்கக் கூடாது.

கம்பிரஷன் வரவில்லை, ஸ்டார்ட் கஷ்டம்

2எல், 3எல்லுக்கு நல்ல கம்பிரஷன் 32 கிலோ, குறைந்தபட்சம் 20 கிலோ. சிலிண்டர்களுக்குள் 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது. பெற்றோல் என்ஜினில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் என்று பிரிக்கலாம். டீசலில் அப்படிச் செய்யாதீர்கள். எரியறை அவ்வளவு சிறியது, அந்த ஒயிலே எண்ணை ஏற்றிக் காட்டும்.

வால்வைச் சோதிக்க, ஹெட்டைப் போர்ட் மேலே பார்க்கும்படி பக்கவாட்டில் சரித்து வைத்துப் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் பாருங்கள். கசிந்தால் சீட் (வால்வ் அமரும் வளையம்). நீல மை தடவி வால்வை அழுத்தி எடுத்தால் வளையம் எங்கும் அறுபடாமல், 1.2 முதல் 1.6 மிமீ அகலத்தில், வால்வ் முகத்தின் நடுவில் விழ வேண்டும். பேஸ்ட் போட்டுத் தேய்த்து மறைக்கப்பட்ட மோசமான கட்டிங் இந்த மையில் அகப்படும்.

சீட்டை ஆழமாக வெட்டினால் வால்வ் உள்ளே இறங்கும், தண்டு மேலே எழும். ஷிம் (வால்வ் இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) உள்ள ஹெட்டில் எந்த மெல்லிய ஷிம்மும் போதாமல் போவது இதன் அடையாளம். அப்போது தண்டின் நுனியை அரைத்துச் சரிக்கட்ட முயல்வார்கள். நுனியின் கடினத் தோல் போனால் அது விரைவில் குழியும். சரியான பரிகாரம் புதுச் சீட் வளையம்.

தண்ணீர் தக்கையில் கசிவு, பின் சீலில் ஒயில் ஆகியவற்றுக்குச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. தக்கையை மாற்றுங்கள். சீல் ஓடும் இடத்தில் கிராங்கில் சுருள் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

லேத்காரரிடம் போகும்போது

பாகத்தை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அளவுகளை எழுதிக்கொண்டு போய், அவருடைய மைக்ரோமீற்றரை அளவுக் கம்பியில் சீரோ பார்க்கச் சொல்லி, உங்கள் முன்னால் அவரையே அளக்கச் சொல்லுங்கள். எண் ஒத்துப்போனால் பெரும்பாலான பட்டறைகள் வாதாடுவதில்லை. ஒத்துப்போகாவிட்டால் வேறொரு பட்டறையில் காசு கொடுத்து அளந்து, கடைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். "வேலை சரியில்லை" என்று எழுதித் தரச் சொன்னால் சக தொழிலாளிக்கு எதிராக எவரும் எழுத மாட்டார். எண்களை மட்டும் கேட்டால் எழுதுவார்கள்.

நியாயமாகக் கேட்கக்கூடியது: அடுத்த சைஸுக்கு இலவசமாக மறுவேலை, அதனால் வீணாகும் ஷெல் அல்லது பிஸ்டன் செட்டின் விலை. கழற்றிப் பூட்டும் கூலி அரிதாகத்தான் கிடைக்கும், அதைப் பேரம் பேச வைத்துக்கொள்ளுங்கள். அண்டர்சைஸ் அளவு முடிந்த கிராங்கும், ஓர வளைவு போன கிராங்கும் மறுவேலைக்கு உதவாது. அப்போது வேறு கிராங் கேளுங்கள், அல்லது காசைக் கேளுங்கள். வளைவைத் தெரியாமல் அரைத்த அதே கல்லில் இரண்டாம் தடவையும் அரைக்கக் கொடுப்பதில் பயனில்லை.

பில் இல்லாமல் வேலை கொடுத்திருந்தால் வட்ஸ்அப்பில் வேலை, திகதி, தொகை பற்றி வந்த செய்திகளை அழிக்காதீர்கள். பேச்சு முறிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். என்ஜின் கட்டி ஓட்டிப் பார்த்து, லேத்காரர் "அடுத்த கிழமை வாங்க" என்று இழுத்ததில் இந்தக் காலம் சத்தமில்லாமல் கரைந்துவிடும். ஆகவே முதல் அளவுத்தாளில் லேத் வேலை முடிந்து கையில் வாங்கிய திகதியையும் எழுதி வையுங்கள். பணத் தகராறாக மட்டும் நின்றால் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபையிலும் வைக்கலாம். அங்கே போகும்போது ஷெல் பைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.